காவிரி டெல்டாவின் பெண் கலைஞர்கள், பெண் படும் பாடு, பெண்ணின் திடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் வாசகர் வட்டங்களிலும் கல்லூரிப் பெண்களிடமும் பேசப்போனால் சில கேள்விகள் தவறாமல் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 'கலை' என்று நான் சொல்வதில் பாட்டு, ஆட்டம், நாடகம், எழுத்து, ஓவியம் எல்லாம் உண்டு. நாற்றங்கால் ஓரத்துக் குலவையும் இழவு வீட்டு ஒப்பாரியும் உண்டு.

டெல்டாவுக்கென்று தனியாகப் பெண்களின் கலை மரபு ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. ஏன் இங்கே என்று கேட்டால் நெல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும். காவிரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தது. மிஞ்சிய நெல்லில் கோயில்களும் அரண்மனையும் எழுந்தன. அங்கே ஆடவும் பாடவும் பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குறிக்கிறது. ஒவ்வொருத்தியின் பெயரும், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும், அவளுக்கு ஆண்டுக்கு அளக்க வேண்டிய 100 கலம் நெல்லும் கல்லில் இருக்கின்றன. ஆடியவளின் பெயர் கிடைத்துவிட்டது. அந்த நெல்லை நட்டு, களை பறித்து, அறுத்துத் தூக்கிய பெண்ணின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இந்த இரண்டு பெண்களையும் சேர்த்துப் பார்க்காமல் டெல்டாவின் கலையைப் பற்றிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

எல்லோரும் காரைக்கால் அம்மையாரில் இருந்தே தொடங்குகிறார்களே, அது பக்தி அல்லவா?

பக்திதான். ஆனால் தமிழில் ஒரு பெண் தன் உடம்பைத் தானே எப்படிக் காட்டினாள் என்று தேடினால் இவரைத் தாண்டிப் போக முடியாது.

நமக்கெல்லாம் தெரிந்தது மாங்கனிக் கதை. காரைக்காலில் ஆனி மாதம் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் மாடியில் இருந்து மாம்பழம் இறைப்பார்கள், தெருவே கையேந்தி நிற்கும். புனிதவதி, கணவன் பரமதத்தன், வரவழைத்த இரண்டாவது மாங்கனி, அதைக் கண்டு அஞ்சிப் பாண்டிநாடு போய் வேறு பெண்ணை மணந்த கணவன், அவன் தன் மகளுக்கே புனிதவதி என்று பெயர் வைத்து மனைவியின் காலில் விழுந்தது, 'இவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம்' என்று அவர் பேயுருவம் கேட்டது: இவ்வளவும் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னவை. அம்மையார் வாழ்ந்தது அதற்குச் சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்.

அம்மையாரின் சொந்தப் பாடல்களாக நமக்குக் கிடைத்தவை 143. அவற்றில் மாங்கனி கிடையாது, கணவனும் கிடையாது. இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைவிடப்பட்ட மனைவி என்ற அடையாளத்தை அவர் தன் பாட்டுக்குள் நுழையவே விடவில்லை. 'பிறந்து மொழிபயின்ற பின்னெல்லாம் காதல் சிறந்து' என்றுதான் அற்புதத் திருவந்தாதி தொடங்குகிறது. தன் வாழ்க்கையைப் பேச்சு வந்த நாளில் இருந்து கணக்கெடுக்கிறாரே தவிர, தாலி ஏறிய நாளில் இருந்து அல்ல.

திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் 'கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்று' என்று ஒரு பெண்பேயை வரைகிறார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு. பதிகத்தை முடிக்கும்போது தன் பெயரையே 'காரைக்காற் பேய்' என்று பொறிக்கிறார். பெண்ணின் மார்பும் இடையும் எப்படிப் பாடப்பட வேண்டும் என்று புலவர்கள் வகுத்து வைத்திருந்த வழக்கம் முழுவதையும் ஒரே அடியில் தள்ளிவிட்டு நிற்கிறது அந்த உருவம். பசித்த உடம்பு, மூத்த உடம்பு, யாருக்கும் அழகாக இருக்க வேண்டிய கட்டாயமில்லாத உடம்பு. அது தாளம் போட்டுக்கொண்டு பாடுகிறது.

சோழர் காலத்துச் சிற்பிகளுக்கு இது புரிந்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் பாதத்தருகே எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கும் அம்மையாரைப் பாருங்கள். நாயன்மார் 63 பேரில் மூவர் பெண்கள். வரிசையில் மற்றவர்கள் நிற்க, உட்கார்ந்திருப்பவர் இவர் ஒருவர்தான்.

தஞ்சை அரண்மனைப் பெண் கவிகள் ராஜாவைப் புகழ்ந்துதானே எழுதினார்கள்?

புகழ்ந்தும் எழுதினார்கள். நாயக்கர் காலத்தில் ராமபத்ராம்பா ரகுநாத நாயக்கரைப் பற்றி வடமொழியில் ஒரு காவியமே பாடினார். ஆனால் மராட்டியர் காலத்தில், பிரதாபசிம்மர் அவையில் இருந்த முத்துப்பழனி செய்தது வேறு. 'ராதிகா சாந்த்வனமு' என்ற அவருடைய தெலுங்குக் காவியத்தில், ராதை தான் வளர்த்த இளையவளைக் கண்ணனுக்கே மணமுடித்துக் கொடுக்கிறாள். அதன்பின் வரும் தவிப்பு, பொறாமை, கோபம், கடைசியில் அவன் வந்து இவளைத் தேற்றுவது என்று கதை போகிறது. வயதில் மூத்த பெண்ணின் ஆசையும் வேதனையும் வெட்கமில்லாமல் அவள் வாயாலேயே வருகின்றன. தன் மரபைச் சொல்லும்போதும் பாட்டி தொடங்கிப் பெண்களின் வழியாகவே சொல்கிறார்.

இந்நூலுக்கு நேர்ந்த கதி காவியத்துக்குச் சமமானது. தெலுங்கின் பெரிய சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் இதை ஆபாசம் என்று தூற்றினார். 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழு நூலையும் தேடிப் பிடித்துப் பதிப்பித்தார். ஆண் கவிகள் இதைவிடப் பச்சையாக எழுதியதைக் கொண்டாடுபவர்கள் ஒரு பெண் எழுதியதும் கூசுவதேன் என்று முன்னுரையிலேயே கேட்டார். ஆங்கிலேய அரசு நூலைத் தடைசெய்தது. நாடு விடுதலை பெற்ற நேரத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. ஒரு தேவதாசி எழுதியதை, ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து இன்னொரு தேவதாசி மீட்டிருக்கிறார். இரண்டு பேரையும் சேர்த்துத்தான் நான் ஒரு கலைஞராக எண்ணுகிறேன்.

நாகரத்தினம்மாள் திருவையாற்றோடு தொடர்புடையவர் அல்லவா?

அவரேதான். தியாகராஜர் சமாதி சிதிலமாகிக் கிடந்ததைக் கேள்விப்பட்டு, தன் சம்பாத்தியத்தையும் நகைகளையும் போட்டு 1920-களில் அங்கே கோயில் கட்டினார். ஆராதனை நடத்திய ஆண்கள் சின்னக் கட்சி, பெரிய கட்சி என்று பிரிந்து கிடந்தார்கள். பெண்ணுக்குப் பாட இடமில்லை என்பதில் மட்டும் இரு கட்சியும் ஒன்று. கோயிலைக் கட்டியவருக்கே அங்கே குரல் இல்லை! அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின, பெண்களும் பாடினார்கள். 1952-இல் காலமானார். தியாகராஜர் சந்நிதியை நோக்கியபடி இன்றும் அவர் சிலை இருக்கிறது. ஆராதனைக்குப் போகிறவர்கள் பஞ்சரத்தினத்தோடு திரும்பிவிடாமல் அந்தச் சிலைமுன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தேவதாசி முறையை எதிர்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், ஆதரித்த நாகரத்தினம்மாள்: இருவரில் யார் சரி?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் ஒரு பெயரை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள்.

மூவலூர், மயிலாடுதுறையை ஒட்டிய ஊர். ராமாமிர்தம் அம்மையார் (1883–1962) அந்த முறைக்குள்ளேயே வளர்ந்து, அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர். 1936-இல் 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை வெளியிட்டார். தலைப்பைப் பார்த்து, பெண்ணைத் திட்டும் நூல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு வீட்டின் வருமானம் எப்படி வருகிறது, தாய்க்கிழவி எப்படிப் பேரம் பேசுகிறாள், மைனர் எப்படிச் சொத்தை அழிக்கிறான், சாத்திரம் அதற்கெல்லாம் எப்படித் துணை நிற்கிறது என்று உள்ளே இருந்து எழுதிய கணக்குப் புத்தகம் போன்றது அது. அதே வீட்டில் பிறந்து வெளியேறிப் பிரச்சாரம் செய்யும் பெண்களும் அதில் இருக்கிறார்கள். நடை சில இடங்களில் மேடைப் பேச்சுதான். அந்த மேடைகளில் நின்றதற்கு அவர் வாங்கிய வசவுகளை நினைத்தால் எனக்கு அது குறையாகப் படவில்லை.

நாகரத்தினம்மாளோ, சட்டம் கொண்டுவந்தால் தொழிலோடு சேர்த்துக் கலையும் சொத்துரிமையும் மானமும் போய்விடும் என்று அஞ்சினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்ணைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஒரு சிறுமியின் வாழ்க்கையை அவள் கேட்காமலே எழுதிவைக்கும் வழக்கம் ஒழிந்தது நல்லதுதான். அதில் நான் ராமாமிர்தம் அம்மையார் பக்கம், தயக்கமில்லாமல். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததும் கண்முன் இருக்கிறது. அதே ஆட்டம் வேறு வீட்டுப் பெண்களுக்குக் கௌரவமானது. அதைக் காத்து வந்த பெண்கள் தங்கள் குலத்தையும் கலையையும் மறைத்து வாழ வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்திலும் மறைக்காமல் நின்றவர் த. பாலசரஸ்வதி (1918–1984). அவருடைய முன்னோரில் ஒருவரான பாப்பம்மாள் தஞ்சை அரண்மனைக் கலைஞர். வீணை தனம்மாள் அவருக்குப் பாட்டி. சிருங்காரத்தை, அதாவது காதல் சுவையைக் கழுவித் துடைத்தால்தான் பரதம் தூய்மையாகும் என்று சுற்றிலும் பேசியபோது, அதற்குத் தலையாட்டாமல் சிருங்காரமே அபிநயத்தின் உச்சம் என்று சொன்னார். பதம் என்னும் காதல் பாட்டுக்கு அபிநயம் பிடிக்கையில் காத்திருப்பவளின் ஏக்கமும் ஏமாந்தவளின் ஏளனமும் அவர் முகத்தில் அடுத்தடுத்து வந்துபோகும். 1976-இல் சத்யஜித் ரே எடுத்த 'பாலா' ஆவணப்படத்தில் அதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஆகவே என் பதில்: முறையைப் பற்றி மூவலூர் அம்மையாரிடம் கேளுங்கள், கலையைப் பற்றிப் பாலாவிடம் கேளுங்கள்.

நாடக மேடையில்?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். ராஜா, மந்திரி, வில்லன் எல்லாம் பெண்களே. அவர் நாடகம் பார்க்க வருபவர்களுக்காகவே சிறப்பு ரயில் ஓடியது என்று நாடகக்காரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆதரவற்ற பெண்களுக்கு அந்தக் கம்பெனி வீடாகவும் இருந்தது. கடைசிக் காலத்தில் அவருக்கு வறுமைதான் மிஞ்சியது. மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் இன்றும் பிரகலாதனின் தாய் லீலாவதியாக ஆண்களே ஆடுகிறார்கள், அழகாகவும் ஆடுகிறார்கள். பெண் இல்லாத மேடைக்கு நூறு ஆண்டு தாண்டியும் ஆதரவு கிடைக்கிறது. பெண்கள் மட்டுமே நின்ற மேடையின் பெயரோ கும்பகோணத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

வயலில் வேலை செய்த பெண்ணை யாராவது எழுதினார்களா?

ராஜம் கிருஷ்ணன் (1925–2014) எழுதினார். முசிறியில் பிறந்தவர், இளவயதிலேயே மணமானவர், கல்லூரி வாசல் மிதிக்காதவர். எதைப் பற்றி எழுதினாலும் அந்த மக்களிடையே போய்த் தங்கி, கேட்டு, பார்த்து எழுதுவார். 'சேற்றில் மனிதர்கள்' நம் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்களின் நாவல். அதைவிட எனக்கு நெருக்கமானது 'பாதையில் பதிந்த அடிகள்'. திருவாரூர்ப் பக்கத்து மணலூர் மணியம்மையின் வாழ்க்கை அது. பிராமணக் குடும்பத்தில் இளம் விதவை. அந்தக் கோலத்தை உதறி, முடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, சிலம்பம் கற்று, சாணிப்பாலும் சவுக்கடியும் பண்ணைத் தண்டனையாக இருந்த நாளில் சேரிக்குள் போய்ச் செங்கொடி ஏற்றினார். இப்படி ஒரு பெண் நம் மண்ணில் நடந்தார் என்பதே மறந்துபோக இருந்தது. ஊர் ஊராக விசாரித்து அந்த அடிகளைத் தேடியது இன்னொரு பெண்.

இங்கே வெண்மணியைச் சொல்லாமல் விட முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இடதுசாரிச் செயற்பாட்டாளர் மைதிலி சிவராமன் அந்த ஊருக்குப் போய், நடந்ததையும் அதற்குப் பின்னிருந்த கூலிப் பிரச்சினையையும் எழுதினார். 2014-இல் மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் 'தி ஜிப்ஸி காடஸ்' என்ற நாவலை எழுதினார். இப்படி ஒரு கொடுமையை நாவலாகச் சொல்ல முடியுமா, சொல்லலாமா என்று கதைசொல்லியே இடையிடையே நிறுத்திக் கேட்கிறாள். வாசிக்கையில் சிலருக்கு அது எரிச்சலாக இருக்கிறது. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. எரிந்தவர்களின் வலியை அழகிய வாக்கியங்களில் வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோக அவர் நம்மை விடவில்லை.

ஒப்பாரியும் நடவுப் பாட்டும் கலையா? அவை சடங்கு, வேலை என்கிறார்களே?

சடங்குதான், வேலைதான், கலையும்தான். இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கோத்து 'என்னப் பெத்த அப்பா' என்று எடுக்கும்போது, செத்தவரை அழுதபடியே தன் கதையையும் ஒருத்தி சொல்லிவிடுகிறாள். அண்ணன் சீர் செய்யாதது, மாமியார் சோறு மறுத்தது, குடிகாரனுக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் வரும். சம்பந்தப்பட்டவர்கள் அங்கேயே நிற்பார்கள், வாய் திறக்க முடியாது. வேறு நாளில் சொன்னால் அடி விழும். ஒப்பாரியில் சொன்னால் ஊரே கேட்கும். மெட்டும் உவமையும் மரபில் இருந்து வருகின்றன, செய்தி அவளுடையது. ஒரு கவிஞர் செய்வதும் இதைத்தான்.

நடவுப் பாட்டு இப்போது அருகிவிட்டது. நடவு எந்திரமும் நேரடி விதைப்பும் வந்தபின் பத்து இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்கும் வயலைப் பார்ப்பதே அபூர்வம். வேலை போனதும் பாட்டும் போகிறது. இதைச் சொல்லும்போது நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: நாளெல்லாம் குனிந்து இடுப்பொடிந்த பெண்களுக்கு அந்த வேலை குறைவதில் வருத்தமில்லை, கூலி நாள் குறைவதில்தான் வருத்தம்.

ஓவியத்திலும் புகைப்படத்திலும் பெண் படும் பாட்டை உண்மையாகக் காட்டியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், வரைந்தவர் எங்கே நின்று பார்த்தார் என்று கேளுங்கள். நடவு நடும் பெண்களை வரைந்த படங்களில் பெரும்பாலானவை வரப்பில் நின்று பார்த்தவை. வளைந்த முதுகுகள், வண்ணச் சேலைகள், பின்னால் தென்னை. காலண்டருக்கு நன்றாக இருக்கும். சேற்றுக்குள் நின்றவளுக்குத் தெரிவது பக்கத்துக்காரியின் கை, விரலிடுக்கில் சேற்றுப்புண், தீர்ந்துகொண்டிருக்கும் நாற்று முடி. நடவு பின்னோக்கி நகரும் வேலை. பெண்கள் முன்னோக்கி நடந்தபடி நடுவதுபோல வரைந்தவர் வயலில் இறங்காதவர் என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, சுருக்கம் விழுந்த பாட்டி முகங்கள். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாதிரி இடங்களில் படிக்கும் பிள்ளைகள் அபாரத் திறமையோடு ஒவ்வொரு சுருக்கத்தையும் வரைகிறார்கள். திறமையை வணங்குகிறேன். ஆனால் அந்தப் பாட்டி யார், என்ன வேலை செய்தாள், இப்போது யாரிடம் கோபமாக இருக்கிறாள் என்பது படத்தில் இல்லாவிட்டால், சுருக்கம் வெறும் நகாசு வேலை. துயரத்தை நகை மாதிரி பூட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தஞ்சாவூர் ஓவியத்தில் இதைத் தேடாதீர்கள். சுக்கான் தூள் மேடும் தங்க ரேக்கும் சாமிக்காக உண்டானவை. இன்று நிறைய வீடுகளில் அவற்றைச் செய்பவர்கள் பெண்கள். அவர்கள் வாழ்க்கையைப் பலகையில் வரைய இன்னும் யாரும் காசு கொடுத்துக் கேட்கவில்லை.

ஆண்கள் எழுதினால் ஆகாதா?

ஆகும். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' யமுனாவும் 'அம்மா வந்தாள்' அலங்காரத்தம்மாளும் இல்லாமல் காவிரிக் கரைப் பெண்ணை நினைத்துப் பார்க்கவே கடினம். ஆனால் அவர்களை நாம் பாபுவின் கண்ணாலும் அப்புவின் கண்ணாலும் பார்க்கிறோம். அலங்காரத்தம்மாள் தன் கதையைத் தானே எழுதியிருந்தால் எங்கே தொடங்கியிருப்பாள் என்று யோசித்தபடி 'அம்மா வந்தாள்' நாவலை மறுபடி படியுங்கள்.

திடமான பெண் என்றால் கடைசியில் ஜெயிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தஞ்சாவூரில் பிறந்த அனுராதா ரமணனின் (1947–2010) 'சிறை' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பலாத்காரத்துக்கு ஆளானவளைக் கணவன் கைவிட்டுப் போகிறான். அவளோ, தன்னைக் கெடுத்தவன் வீட்டிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறாள். அந்த முடிவு என்னை இன்றும் உறுத்துகிறது. இளம் பெண்கள் பலர் கோபப்படுகிறார்கள், அந்தக் கோபம் நியாயம். ஆனால் ஊரும் உறவும் சட்டமும் கதவைச் சாத்தியபின் அவளுக்கு எத்தனை வழி மிச்சமிருந்தது என்று கதை கேட்கிறது. இருக்கும் வழியில் அவள் தலைநிமிர்ந்து நடக்கிறாள். 1984-இல் படமாகவும் வந்தது, கதையை முதலில் படியுங்கள்.

என் அம்மாவின், பாட்டியின் வாழ்க்கையை எழுதவோ வரையவோ நினைக்கிறேன். எப்படித் தொடங்குவது?

அவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 'உன் கஷ்டத்தைச் சொல்லும்மா' என்றால் எந்த அம்மாவும் 'எனக்கென்னடி கஷ்டம்' என்றுதான் சொல்வாள். வேலையைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தாய், நடவுக்குப் போனபோது கைப்பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், கூலி நெல்லா காசா, அதை யார் கையில் கொடுத்தாய், உனக்கென்று முதலில் என்ன வாங்கினாய். இந்தக் கேள்விகளுக்கு மணிக்கணக்கில் பதில் வரும், பாதி வழியில் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பையும் எழுதுங்கள்.

ஒப்பாரியோ தாலாட்டோ தெரிந்தவர்கள் என்றால் செல்போனில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குள் ஒப்பாரி எடுக்கக்கூடாது என்று பலர் தயங்குவார்கள், அதனால் கொல்லைப் பக்கமோ குளத்தங்கரையோ போய்விடுங்கள். பாடியவரின் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டு, சம்மதித்தால் எழுதுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். அச்சில் வந்து பணம் கிடைத்தால் அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. எழுதி முடித்ததும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். 'இப்படியா நான் சொன்னேன்?' என்று அவர்கள் கேட்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டு, அங்கே திரும்ப எழுதுங்கள்.